மெல்ல இளை, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அக்கா கல்யாணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று மூன்று வேளையும் காய்கறிச் சாறு மட்டும் குடிப்பதாக எழுதியிருந்தாய். இளைக்க நினைத்தது நல்லதுதான். உன் அவசரம்தான் எனக்குக் கவலை தருகிறது; அவசரமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரலாம்.

ஈரல் நாள்தோறும் முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தநீர் சுரக்கிறது. அதில் ஒரு பங்கை வாங்கிச் சுண்டவைத்துச் சேமிப்பது பித்தப்பை. கொழுப்புள்ள சோறு உள்ளே போனதும் அது சுருங்கிப் பித்தத்தைக் குடலுக்குத் தள்ளும். உடல் பருத்தால் பித்தத்தில் கொலஸ்டிரால் கூடுகிறது. கரையாமல் மிஞ்சியது படிந்து கல்லாகிறது.

பட்டினி கிடந்தால் கல் வராது என்று நினைக்காதே. உடம்புக் கொழுப்பு வேகமாகக் கரையும்போது ஈரல் இன்னும் அதிகக் கொலஸ்டிராலைப் பித்தத்தில் விடுகிறது. சாப்பாட்டில் எண்ணெயும் நெய்யும் இல்லாததால் பை சுருங்குவதில்லை, பித்தம் தேங்கிவிடுகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் குறைபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இரைப்பை அறுவை செய்து இளைப்பவர்களுக்குக் கல் வராமலிருக்க டாக்டர்கள் சில மாதம் மாத்திரை கொடுப்பதும் இதனால்தான்.

தெற்கத்தியருக்குப் பித்தக்கல் குறைவு என்பார்கள். 1968-இல் வெளியான மல்ஹோத்ரா என்பவரின் ஆய்வில், தெற்கத்திய ரயில்வே ஊழியர்களைவிட வடக்கத்திய ஊழியர்களிடம் அது ஏழு மடங்கு அதிகமாக இருந்தது உண்மை. அன்றைய சாப்பாடு வேறு, உழைப்பு வேறு. அதை நம்பி இன்று நாம் சும்மா இருக்கக் கூடாது.

வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ குறைந்தால் போதும். காலைச் சாப்பாட்டை விடாதே. பருப்பு, கீரை, கேழ்வரகுக் களி, ஒரு ஸ்பூன் நெய் எல்லாம் இருக்கட்டும். புரட்டாசிச் சனிக்கிழமை ஒரு பொழுது இருப்பதை நான் தடுக்கவில்லை. வாரக்கணக்கில் பட்டினி கிடப்பது வேறு. தினமும் நட. மூச்சு பழகிய பிறகு திருமலைக்குப் போகும் அலிபிரிப் பாதையின் 3,550 படிகளையும் ஏறலாம்.

சாப்பிட்ட பின் வலது விலாவுக்குக் கீழோ நெஞ்சுக்குழியிலோ வலி எடுத்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ பரவினால், கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதே. சித்தூரில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். கல் இருந்தும் வலி இல்லையென்றால் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. வலியோடு காய்ச்சலும் கண்ணில் மஞ்சளும் சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்காதே; திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரிக்கோ ஸ்விம்ஸ் ஆஸ்பத்திரிக்கோ உடனே கிளம்பு.

இன்று மதியமே சோறு சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்.

அன்புடன்,
அத்தை