நாற்படை ஆட்டமும் போட்டி முறையும்

சதுரங்கம் என்பது நான்கு உறுப்புகளை உடையது எனப் பொருள்படும் வடசொல். தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையை அது குறிக்கும். பேரரசுகளின் படையைப் பலகையில் இறக்கிய இவ்விளையாட்டைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, சிறுவர் இருவரின் பூசல். மற்றொன்று, பெரியவர் ஒருவரின் கேள்வி. இரண்டும் நெய்வேலியில் ஒரே நாளில் நிகழ்ந்தன.

நாம் குடியிருக்கும் நெய்வேலி நகரியம் பழுப்பு நிலக்கரியால் பிறந்த ஊர். 1956இல் நிறுவனம் தோன்றிய பின்னர் இந்தியாவின் பல மாநிலத்தாரும் இங்கே வேலைக்கு வந்து, எண்ணிட்ட வட்டங்களில் அண்டை வீட்டாராயினர். ஆகவே இங்கு நடைபெறும் எந்தப் பள்ளிப் போட்டியிலும் ஐந்தாறு மொழிகள் காதில் விழும். அத்தகைய சதுரங்கப் போட்டி ஒன்றைக் காண நம் மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். தொட்ட காயை நகர்த்தியே தீரவேண்டும் என்பது போட்டி விதி. தமிழ்ச் சிறுவன் ஒருவன் கையுயர்த்தி நடுவரை அழைத்தான். "இவன் யானையைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்தினான்" என்பது அவன் முறையீடு. எதிரே இருந்தவன் மலையாளச் சிறுவன். "ஆனையைத் தொட்டேன், ஆனையைத்தான் நகர்த்தினேன்" என்றான் அவன். இருவர் கண்ணிலும் நீர் துளிர்த்துவிட்டது. நடுவர் சிரித்துக்கொண்டே, காயின் பெயரைச் சொல்லாமல் விரலால் சுட்டுமாறு பணித்தார். தமிழ்ச் சிறுவன் மூலையிலிருந்த காயைச் சுட்டினான். மலையாளச் சிறுவன் அரசனுக்கு அருகே குறுக்காகச் செல்லும் காயைச் சுட்டினான். கை தவறி மூலைக்காயில் பட்டது என்று தெளிந்து ஆட்டம் தொடர்ந்தது. அருகே நின்ற வங்காளத் தாயார் ஒருவர், தம் மொழியில் மூலைக்காய் யானையுமன்று தேருமன்று, படகு என்றார்!

சிறுவர் இருவரும் பொய் சொல்லவில்லை. மலையாளத்தில் மூலைக்காய் 'தேர்'. குறுக்கே செல்வது 'ஆன'. வங்காளத்தில் குறுக்கே செல்வது 'கஜ்', அதாவது யானை; மூலைக்காய் 'நௌகா'. இந்தி பேசுவோர் மூலைக்காயை யானை என்பர்; குறுக்குக்காயை ஒட்டகம் என்பர். தெலுங்கில் மூலையில் யானை. குறுக்கே செல்வது 'சகடு', அதாவது வண்டி. தமிழில் மூலைக்காயை யானை என்றும், குறுக்குக்காயை மந்திரி என்றும் வழங்குகிறோம். ஒரே யானை மொழிக்கு மொழி இடம் மாறி நிற்கிறது. அரபியில் குறுக்குக்காய் இன்றளவும் 'ஃபீல்' எனப்படும். ஃபீல் என்றால் யானைதான். அச்சொல் முஸ்லிம்களுடன் ஸ்பெயினுக்குச் சென்று 'அல்ஃபில்' என்று நிலைத்தது. யானை இயல்பாக வாழாத நாட்டில் யானையின் பெயர் குடியேறிய விந்தை இது.

ஏறத்தாழ 1030இல் இந்தியாவைப் பற்றி நூல் எழுதிய அல்பிரூனி, நால்வர் கூடிப் பகடை உருட்டி ஆடும் சதுரங்கத்தை இந்நாட்டில் கண்டு விவரித்துள்ளார். அவ்வாட்டத்தில் யானை முன்னே ஒரு கட்டமும், நான்கு மூலைகளுக்கு ஒவ்வொரு கட்டமும் செல்லும். முன்னே செல்வது துதிக்கை, மூலைக்குச் செல்வன நான்கு கால்கள் என்று இந்நாட்டார் கூறியதையும் அவர் குறித்துவைத்தார். ஓர் அயல்நாட்டறிஞர் நம் விளையாட்டின் உவமையைக்கூட விடாது எழுதிச்சென்றது வியப்பிற்குரியது.

சிறுவர் 'செக்' என்று கூவுவது ஆங்கிலம் என்றே பலரும் எண்ணுவர். அது பாரசீக 'ஷா', அரசன் என்னும் சொல்லின் திரிபு. 'ஷா மாத்' என்பதே 'செக்மேட்' ஆயிற்று. வங்கியில் நாம் கொடுக்கும் 'செக்'கும் இச்சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே என்பர் சொல்லாய்வாளர். தமிழ்நாட்டிலும் இவ்வாட்டத்திற்குத் தொன்மையான நினைவு உண்டு. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூர்க் கோயிலின் இறைவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். அரசகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது அத்தலத்தின் வரலாறு.

பெரியவரின் கேள்வி

போட்டியின் இடைவேளையில் நம் சமுதாயப் பெரியவர் ஹாஜியார் ஒருவர் எம்மை அழைத்தார். நம் கல்லூரியிலும் இத்தகைய போட்டியை நடத்த மாணவர் விரும்புவதை அவர் கேள்விப்பட்டிருந்தார். "பேராசிரியர் தம்பி, பாதுஷாக்கள் பொழுதுபோக்கிய ஆட்டமல்லவா இது? நம் பெரியார்கள் கண்டித்ததல்லவா? கல்லூரியின் பெயரில் நடத்தலாமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை; கவலையோடு கேட்டார். நாம் உடனே விடை கூறவில்லை. தேடிப்படித்த பின்னரே இதனை எழுதுகிறோம்.

பாதுஷாக்கள் ஆடியது உண்மை. ஆனால் அவர்கள் அவையில் நடந்த போட்டிகள் பாதுஷாக்களுக்கே அடங்கவில்லை. அப்பாசியக் கலீபா முக்தஃபீ (902–908) காலத்தில் மாவர்தீ என்பவர் அரசவையின் தலைசிறந்த ஆட்டக்காரர். கலீபாவின் அன்புக்குரியவர். அவருக்கு எதிரே அமர்த்தப்பட்டவர் அஸ்ஸூலி. ஆட்டம் தொடங்கியபோது கலீபா வெளிப்படையாகவே மாவர்தீயின் பக்கம் நின்று உற்சாகமூட்டினார் என்று வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதுகிறார். ஸூலி முதலில் சற்றுத் தடுமாறினார். பின்னர் தெளிந்து ஐயத்திற்கிடமின்றி வென்றார். மாவர்தீ என்னும் பெயர் பன்னீரைக் குறிப்பது. தோற்றவரை நோக்கிக் கலீபா, அப்பன்னீர் இன்னதாகிவிட்டது என்றாராம். என்னவாயிற்று என்பதை மாணவர் கையிலும் இருக்கும் இம்மலரில் எழுதக் கூசுகிறோம்! இங்கு நாம் நோக்கத்தக்கது, பேரரசனின் விருப்பம் பலகையின் விளிம்போடு நின்றுவிட்டது என்பதே.

அக்காலத்து அரபு நூல்கள் ஆட்டக்காரர்களை ஐந்து வகுப்பினராகப் பிரித்தன. முதல் வகுப்பில் ஒரே காலத்தில் மூவருக்கு மேல் இருப்பது அரிது. ஒருவர் மேல்வகுப்பிற்கு உயர வேண்டுமாயின் பத்து ஆட்டங்களில் ஏழேனும் வெல்ல வேண்டும். குலமும் செல்வமும் அக்கணக்கில் இல்லை. ஸூலி பின்னர் கலீபா ராளீயின் ஆதரவில் வாழ்ந்தார். அவர் மறைந்தபின் செல்வாக்கிழந்து பஸராவில் வறுமையில் இறந்தார். அவர் அமைத்த ஆட்டப்புதிர் ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் 1980களில்தான் சோவியத் கிராண்ட்மாஸ்டர் அவர்பாக்கால் விடுவிக்கப்பட்டது.

இனி மார்க்கத் தீர்ப்பைப் பற்றி. பத்வா கூறுவது தமிழாசிரியரின் பணியன்று. அதனை உலமாக்களிடமே விடுகிறோம். நூல்கள் கூறுவதை மட்டும் குறிப்போம். ஏனைய மத்ஹபுகளின் அறிஞருட் பெரும்பாலோர் இதனை விலக்கினர். நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இது விரும்பத்தகாதது என்றே கொள்ளப்பட்டது, ஹராம் எனப்படவில்லை. அதற்கும் மூன்று வரம்புகள் உண்டு: பணம் வைத்து ஆடலாகாது, தொழுகை தவறலாகாது, நாவில் தீச்சொல் வரலாகாது. பகடையால் ஆடும் 'நர்து' ஆட்டத்தை அவ்வறிஞர் வேறாகப் பிரித்தனர். பகடை தற்செயலைச் சார்ந்தது. சதுரங்கம் சிந்தனையைச் சார்ந்தது. அல்பிரூனி கண்ட பகடைச் சதுரங்கம் இப்பிரிவில் எப்பக்கம் சேரும் என்று மாணவர் எண்ணிப்பார்க்கலாம். கருத்து வேறுபாடு நம் காலத்திலும் தீரவில்லை. ஈரானில் 1979 புரட்சிக்குப் பின் தடைசெய்யப்பட்ட ஆட்டம் 1988இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. சவூதியின் தலைமை முஃப்தி இதனைக் கண்டித்த செய்தி 2016இல் பரவியது. 2017 டிசம்பரில் ரியாத் நகரிலேயே உலக விரைவுச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது.

ஹாஜியாரின் கவலையில் உண்மை இருந்த இடம் வேறு. பல போட்டிகளில் நுழைவுக் கட்டணம் பெற்று, அத்தொகையையே வென்றவருக்குப் பணப்பரிசாகப் பகிர்கின்றனர். ஆடுவோர் அனைவரும் போட்ட பணத்தை ஒருவர் கொண்டுசெல்வது பந்தயத்திற்கு மிக நெருங்கியது என்றே நமக்குப் படுகிறது. இதனை மாணவரிடம் கூறியபோது அவர்கள் முகம் சுருங்கியது. ஆயினும் கூறினோம். கட்டணம் வேண்டா, கேடயமும் நூல்களும் போதும், அவற்றைத் துறையே வாங்கித் தரும் என்று முடிவாயிற்று.

இருவர் வரலாறு

பேரரசின் ஆட்டத்தில் ஆளப்பட்டவர் வென்ற வரலாறு ஒன்றை நம் மாணவர் அவசியம் அறியவேண்டும். பஞ்சாபின் சிற்றூரில் பிறந்த மீர் சுல்தான் கான், செல்வர் சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்றார். அதற்கு முன் அவர் பெரிதும் ஆடியது இந்திய முறைச் சதுரங்கம். அதில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்வான். ஐரோப்பிய முறைக்குப் புதியவராயினும் அவ்வாண்டே பிரிட்டிஷ் வாகையர் பட்டத்தை வென்றார். 1932, 1933 ஆண்டுகளிலும் வென்றார். 1930–31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், உலக வாகையராக இருந்த கபபிளாங்காவைத் தோற்கடித்தார். ஐந்தாண்டுக்குள் நாடு திரும்பிய அவர் மீண்டும் பெரும்போட்டி ஆடவில்லை. 1966இல் காலமானார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 2024இல்தான் அவருக்கு மதிப்புறு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. அவரைப் பாடநூலில் காணோம்.

அவ்வில்லத்திலிருந்தே சென்ற ஃபாத்திமா என்னும் பெண்மணி 1933இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றார். மாணவியர் ஆடுவதா என்று கேட்போர் இவ்வாண்டை நினைவிற்கொள்க.

தமிழ்நாட்டின் கதை யாவரும் அறிந்தது, விரிக்கவேண்டுவதில்லை. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன் தொடங்கிய மரபு, 1988இல் முதல் கிராண்ட்மாஸ்டரான ஆனந்த் வழியாக, 2024 டிசம்பரில் உலக வாகையரான குகேஷ் வரை வந்தது. 2022இல் மாமல்லபுரத்தில் நடைபெற்ற 44ஆம் ஒலிம்பியாடில் பொதுப்பிரிவின் தங்கத்தை உஸ்பெகிஸ்தானின் இளைஞர் அணி வென்றது. அல்பிரூனி பிறந்த குவாரிஸம் பகுதி இன்று பெரும்பாலும் அந்நாட்டில் உள்ளது என்பது நாம் கண்டு மகிழ்ந்த செய்தி.

நம் போட்டிக்கு 64 பேர் பெயர் கொடுத்தனர். பலகையின் கட்டங்களும் அத்தனையே. ஒவ்வொருவரும் ஏனைய யாவரோடும் ஆடினால் 63 சுற்றுகள் வேண்டும். 1895இல் சூரிச்சில் தோன்றிய சுவிஸ் முறையில் ஆறு சுற்றுகள் போதும். ஒரே புள்ளி பெற்றவரை ஒருவருக்கொருவர் மோதவிடுவது அதன் நுட்பம். தோற்றவர் வெளியேறவேண்டுவதில்லை, அடுத்த சுற்றில் தம்மை ஒத்தவரோடு அமர்வார். கணிதத்துறை நண்பர் அட்டவணை போட்டுத்தந்தார். காய்களின் பெயரால் மீண்டும் பூசல் எழாதிருக்க, யானை என்றால் மூலைக்காய் என்று அரங்கின் கரும்பலகையில் படம் வரைந்து எழுதினோம்.

அட்டவணையை ஹாஜியாரிடம் காட்டினோம். மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு மெல்லப் படித்தார். மூன்றாம் சுற்று 1 மணி என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, "லுஹர்?" என்றார். 2 மணி என்று திருத்தினோம். "கேடயத்துக்கு நான் தருகிறேன், துறை நூல்களை வாங்கட்டும்" என்று கூறிவிட்டு எழுந்தார்.