கூந்தல் பூவும் கல்லடியும்

இராஜபாளையம்

அன்புள்ள கோதைக்கு,

மாமா எழுதுகிறேன். போன ஞாயிறு இங்கே ஜே. சி. டேனியலின் வாழ்க்கையைச் சொல்லும் 'செல்லுலாய்டு' படத்தைப் பார்த்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறும்போது, "இதெல்லாம் நிஜமா மாமா?" என்று கேட்டாய். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. பதிலை எழுதுகிறேன்.

ஜே. சி. டேனியல் நிஜம். குமரி மண்ணில், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த தமிழர். சொத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எழுதி, இயக்கி, நடித்தார். மலையாள சினிமா பிறந்தது அதில்தான். அது திரையிடப்பட்ட திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் கல் பறந்ததும் நிஜம். நாயர் பெண்ணாக நடித்த பி. கே. ரோஸி ஒரு தலித் என்பதுதான் கூட்டத்தின் கோபம். ரோஸி ஊரைவிட்டுத் தப்பி வந்து, நாகர்கோவிலில் யாரென்று தெரியாமலே வாழ்ந்து முடித்தார். டேனியலும் அதன்பின் கதைப்படம் எடுக்கவில்லை. முதுமையில் உதவித்தொகை கேட்டபோது, தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு கைவிரித்தது. 1975இல் வறுமையிலேயே இறந்தார். இன்று கேரளத்தின் மிக உயர்ந்த சினிமா விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

நாயகியின் கூந்தல் பூவை எடுத்து நாயகன் முத்தமிடும் அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சி? அது 2013இல் வந்த இந்தப் படத்துக்காக மலையாள இயக்குநர் கமல் புதிதாக எடுத்தது. டேனியல் எடுத்த படம் இன்று கிடையாது. சிறு வயதில் அந்தச் சுருளை எரித்துவிட்டதாக அவர் மகனே பின்னாளில் சொன்னார். அந்தக் கால நைட்ரேட் பிலிம் ஒரு தீக்குச்சிக்கே பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது.

உன் ஊரில் கல்வெட்டும் உண்டு, பாட்டி சொல்லும் ஆண்டாள் கதையும் உண்டு. இரண்டும் நமக்கு வேண்டும். எது எதுவென்று தெரிந்தும் இருக்க வேண்டும். ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லும் படத்தையும் அப்படியே பார். எதற்குச் சான்று இருக்கிறது, எதை இயக்குநர் மனத்தால் கட்டினார் என்று பிரித்துக்கொள். கட்டியதெல்லாம் பொய்யில்லை. ரோஸியின் பக்கத்தைச் சொல்ல அவர் எழுதிவைத்தது எதுவும் நம் கையில் இல்லை. கற்பனையும் சேர்ந்துதான் அவரைத் திரும்ப அழைத்து வந்தது.

ஒரு பெண் சூடிய மாலை உன் ஊரிலிருந்து ஆண்டுதோறும் திருப்பதிப் பெருமாளுக்குப் போகிறது. திருவனந்தபுரத்தில் ஒரு பெண் திரையில் தோன்றியதற்கே கல் விழுந்தது. இதை மறந்துவிடாதே, கோதை.

உனக்கு ஒரு வேலை தருகிறேன். பாட்டி முதன்முதலில் பார்த்த படம் எது, எந்தக் கொட்டகை, யாரோடு போனார், டிக்கெட் எவ்வளவு என்று கேட்டு எழுது. அவர் இதை உன்னிடம் சொன்ன நாளையும் குறித்து வை. நினைவில்லை என்று சொன்னால், அதையும் அப்படியே எழுது. உன் கற்பனையால் நிரப்பாதே.

அன்புடன்,
மாமா