டிசைன் வேலைக்கு மானிட்டர்: காசை எதுக்குக் கொடுக்கணும்?

ஆபீஸ் வேலை போக, சைடுல போஸ்டர், லோகோ டிசைன் பண்றீங்களா? திரையில் தெரிஞ்ச சிவப்பு பிரிண்ட்ல வேற மாதிரி வந்தா, மறுபடி அச்சடிக்கிற செலவு உங்க தலையிலதான். அதனால 144 ஹெர்ட்ஸ், வளைந்த திரைக்குக் காசு கொடுக்காதீங்க, அது கேமிங்குக்கு. நிறத்துக்குக் கொடுங்க.

1. ஐபிஎஸ் பேனல்: பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது.

2. எஸ்ஆர்ஜிபி 99%: 'என்டிஎஸ்சி 72%' என்று போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 45% என்றால் வேண்டாம். '1.67 கோடி நிறங்கள்' என்ற வரியை மட்டும் நம்பாதீங்க.

3. அளவு: 24 இன்ச்சுக்கு ஃபுல் எச்டி போதும். 27 இன்ச் என்றால் 2560 x 1440 பாருங்க.

இப்போ கணக்கு. 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழிச்சாலும், கிரெடிட் கார்டில் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி வரும். பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் உண்டு.

பில்லை உங்க பெயரில் வாங்குங்க. டிசைன் வருமானத்தைத் தொழில் வருமானமாகக் காட்டி, முறையாகக் கணக்கு எழுதினால் கம்ப்யூட்டருக்கான 40% தேய்மானம் கழிக்கலாம்; அந்த வருஷம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் 20%. சம்பளத்தில் கழிக்க முடியாது.

மூணு நாலு ப்ராஜெக்ட்ல போட்ட காசு திரும்புமா? அப்போ வாங்குங்க. இல்லைன்னா கொஞ்சம் பொறுங்க.