அரிசியோடு அதன் கதையையும் கொடுங்கள்

உத்திரமேரூர்ப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா பயிரிட்டு, அரிசியாக்கி, வீடுகளுக்கு நேரே விற்கும் சிறு விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, ஒரு தடவை வாங்கினவங்க மறுபடி வர்றதில்லையே, ஏன்?"

அவருடைய பையைப் பார்த்தேன். இந்தச் சோற்றை உண்ட மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்கிய கதை அச்சாகியிருந்தது. நல்ல கதைதான். ஆனால் அது ரகத்தின் கதை. சென்னைக் கடைக்காரரும் அதையே அச்சிடுகிறார். அதைக் கேட்டு வாங்குகிறவர் அடுத்த முறை எங்கே மலிவோ அங்கே போவார். உங்களையே தேடி வர வேண்டுமானால், உங்கள் வயலின் கதையைச் சொல்ல வேண்டும்.

அதற்கு உத்திரமேரூரில் பஞ்சமே இல்லை. இவ்வூர்ப் பெரிய ஏரி பல்லவர் காலத்திலேயே வைரமேக தடாகம் என்று பெயர் பெற்றது. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் உள்ள குடவோலை முறை எல்லோருக்கும் தெரியும். அப்படிக் குடவோலையில் தேர்ந்தவர்களே ஏரி வாரியமாக இருந்து ஏரியைக் கவனித்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. வெளியூரார் பஸ் பிடித்து வந்து அந்தக் கல்வெட்டைப் பார்க்கிறார்கள். நாம் உரக்கடைக்குப் போகும் வழியில் திரும்பியும் பார்ப்பதில்லை! அந்த ஏரித் தண்ணீர் பாயும் வயல் என்றால் அதை எழுதுங்கள். கிணற்றுப் பாசனம் என்றால் கிணறு என்றே எழுதுங்கள்.

குஜராத் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு, 1976-இல் 'மந்தன்' என்ற திரைப்படம் வெளிவரச் செய்தார்கள். பால் கூட்டுறவு உருவான கதை அது. நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு போதும். ஊர், பாசனம், ரகம், விதைத்த மாதம், அறுவடை மாதம், அரைத்த தேதி, எத்தனை மணி நேரம் ஊற வைக்க வேண்டும், உங்கள் போன் நம்பர் ஆகியவை அதில் இருக்கட்டும்.

மேற்சொன்ன விவசாயியும் அப்படியே செய்தார். வாங்கியவர்கள் திரும்ப வந்தார்கள். அடுத்த வருஷம் வந்தது சோதனை. மாப்பிள்ளைச் சம்பா உயரமாக வளரும் ரகம் அல்லவா? கார்த்திகை மழையில் பயிர் சாய்ந்துவிட்டது. அரைத்தபோது குருணை அதிகம். வெளியில் அரிசி வாங்கிக் கலந்துவிடலாமா என்று யோசித்தார். "யாருக்கு சார் தெரியப் போவுது?" என்றார். உலை வைக்கும் அம்மாவுக்குத் தெரியும் என்றேன். அரை மனதோடுதான் போனார். கடைசியில் சீட்டில் இப்படி எழுதினார்: "மழையில் பயிர் சாய்ந்தது. குருணை அதிகம். கஞ்சிக்கு நன்றாக இருக்கும். விலை குறைத்திருக்கிறோம்."

சிலர் வாங்கவில்லை, அந்த வருஷம் அவருக்கு நஷ்டமும் உண்டு. ஆனால் மறு கார்த்திகையில் மழை கொட்டிய இரவு, வாடிக்கை வீட்டு அம்மா ஒருவர் போன் செய்து, "இந்தத் தடவை பயிர் நிக்குதா தம்பி?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோய் தீரும் என்றெல்லாம் எழுதாதீர்கள். உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அங்ககச் சான்று பெறாமல் பெற்றதாகவும் போடக் கூடாது.

சம்பாவுக்கு நாற்று விடும் அன்றே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். மழை, பூச்சி, களை, உரம், ஆள் கூலி எல்லாவற்றையும் தேதியோடு அதில் குறியுங்கள். தை மாதம் சீட்டு எழுத உட்காரும்போது எதையும் யோசித்துத் தேட வேண்டியிராது.