மூச்சிரைப்புக்குரிய கூட்டு மருந்து

சென்ற மாதம் நெசவாளர் சங்கமொன்றுக்குத் தணிக்கைக்காகச் சென்றிருந்தேன். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்த முதிய உறுப்பினர் ஒருவர், கையொப்பமிடுவதற்குள் மூன்று முறை மூச்சு வாங்க நின்றார். பேரேட்டைப் புரட்டினேன், அம்மாதம் அவர் ஒப்படைத்த சேலைகள் வழக்கத்தில் பாதியே. "மருந்து இல்லையா, பெரியவரே?" என வினவினேன். "இருக்கிறது, ஐயா. உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்திவிட்டேன்" என்றார். இப்பிழை அவர் ஒருவருடையதன்று; ஆதலின் இதனை எழுதலானேன்.

ஆஸ்துமா நோயில் இரு கேடுகள் நிகழ்கின்றன. மூச்சுக் குழாயின் உட்சுவர் வீங்குகிறது. அதனைச் சூழ்ந்த தசை இறுகுகிறது. ஆகவேதான் இழுப்பு மருந்தில் இரு சரக்குகள் சேர்க்கப்படுகின்றன. புடெசொனைடு என்னும் ஸ்டீராய்டு நாளடைவில் வீக்கத்தைத் தணிக்கும். ஃபார்மோட்டிரால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்தி, ஏறத்தாழ 12 மணி நேரம் உதவும்.

தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் தனித்து உட்கொண்டால், மூச்சு எளிதாகும். உள்ளே வீக்கமோ வளரும். ஃபார்மோட்டிராலின் இனத்தைச் சேர்ந்த சால்மெட்டிராலைப் பற்றி அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ஆராய்ச்சி 2003-இல் நிறுத்தப்பட்டது. அம்மருந்தைப் பெற்றோரில் 13 பேரும், பெறாதோரில் 3 பேரும் ஆஸ்துமாவால் இறந்திருந்தனர். ஸ்டீராய்டுடன் சேர்த்து வழங்கினால் அவ்வாறு ஆபத்து மிகுவதில்லை என்பது பின்வந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. 2017-இல் அந்நாட்டு அரசு, கூட்டு மருந்துகளின் மீதிருந்த கடும் எச்சரிக்கையை நீக்கியது.

உறுப்பினர்கள் மனத்திற் கொள்ள வேண்டுவன:

1. இழுப்புக் கருவியில் இடும் கேப்ஸ்யூலை விழுங்கலாகாது.

2. மூச்சைக் கருவிக்கு வெளியே முற்றிலும் விட்டபின், வாயில் பொருத்தி இழுத்து, 10 விநாடி அடக்குக. பொடி மருந்தாயின் வேகமாகவும், பீச்சும் மருந்தாயின் மெதுவாகவும் இழுக்க வேண்டும்.

3. ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்து உமிழ்க. தவறினால் வாயில் வெண்படலம் படரும், குரலும் கம்மும்.

4. மருத்துவர் சொல்லாமல் அளவைக் கூட்டவோ, குறைக்கவோ, நிறுத்தவோ கூடாது. எல்லாக் கூட்டு மருந்தும் திடீர் இரைப்பைத் தீர்க்கா. தம்முடையது எவ்வகையென முன்னரே கேட்டறிக.

5. பேச இயலாது திணறினாலோ உதடு நீலம் பாரித்தாலோ, உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனை சேர்க.

பஞ்சுத் தூசியை மருந்து போக்காது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நூல் சுற்றுக. சாளரத்தைத் திறந்து வைக்க. மூச்சு இலகுவாயிருப்பது மருந்து வேலை செய்வதற்குச் சான்றே தவிர, மருந்து தேவையில்லை என்பதற்குச் சான்றன்று.