ஆய்வுக் கட்டுரைக்கு உரிய இதழ்

ஆய்வை முடித்துக் கட்டுரையும் எழுதிய பின்னரே, 'எந்த இதழுக்கு அனுப்புவது?' என்று மாணவர் பலர் வினவுகின்றனர். எழுதத் தொடங்கும்பொழுதே விடை காண வேண்டிய வினா இது. விடையும் தொலைவில் இல்லை. தம் கட்டுரையின் துணைநூற்பட்டியலை நோக்குக. அதில் மிகுதியாக இடம்பெறும் இதழ் எதுவோ, பெரும்பாலும் அதுவே அக்கட்டுரைக்கு உரிய இடமாகும். அவ்விதழைப் பயில்வோரே நம் முடிவுகளை ஏற்கவோ மறுக்கவோ வல்லவர். அதன் அண்மை வெளியீடுகள் நான்கைந்தைப் படித்தால், அது விரும்பும் பொருளெல்லையும் கட்டுரை நீளமும் தாமே விளங்கும்.

பட்டியல்களை மட்டும் நம்புதல் போதாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4305 இதழ்களை நீக்கியது. பின்னர் 2019இல் வந்த யு.ஜி.சி. கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பெற்றது. ஐ.எஸ்.எஸ்.என். எனும் எட்டிலக்க எண்ணைத் தரச்சான்றெனக் கருதுவோர் இன்றும் உளர். அஃது இதழை அடையாளங்காட்டும் எண், அவ்வளவே.

வேதியியல் மாணவி ஒருவர் தம் கட்டுரையின் மொழிநடையைத் திருத்தித் தருமாறு என்னிடம் வந்தார். திருத்திக் கொடுத்தேன், எவ்விதழுக்கென்று கேட்கத் தோன்றவில்லை. மின்னஞ்சலில் வந்த அழைப்பொன்றை நம்பி அனுப்பினார். மூன்றாம் நாளே ஏற்புக் கடிதம் வந்தது. மதிப்பீட்டாளர் கருத்து ஒருவரியும் இல்லை. கட்டணம் மட்டும் கேட்டிருந்தனர். செலுத்தினார். ஓராண்டிற்குள் அவ்விதழின் இணையதளமே மறைந்துவிட்டது. ஒருமுறை வெளியான ஆய்வை நல்லிதழ்கள் மீண்டும் ஏற்பதில்லையாதலின், ஈராண்டு ஆய்வுக்கூட உழைப்பு வீணாயிற்று. நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது.

கட்டணம் கேட்பதொன்றே குற்றமாகாது. எல்லார்க்கும் இலவசமாகப் படிக்கக் கொடுக்கும் தரமான இதழ்கள் சிலவும் ஆசிரியரிடம் கட்டணம் பெறுகின்றன. ஆயின் அத்தொகை முன்னரே வெளிப்படையாக அறிவிக்கப்பெற்றிருக்கும். பதிப்பாசிரியர் குழுவில் பெயர் கண்ட பேராசிரியர் ஒருவருக்கு, அவர்தம் பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேட்பது நன்று. தம் பெயர் அங்குள்ளதையே அறியாதாரும் உண்டு. புகழ்பெற்ற இதழின் பெயரிலேயே போலித் தளங்கள் இயங்குவதால் முகவரியையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தல் வேண்டும்.

ஒரே வேளையில் ஈரிதழுக்கு அனுப்புதல் ஆய்வு நெறியன்று. முறையான மதிப்பீட்டிற்குப் பல மாதங்கள் ஆகக்கூடும். எனவே அனுப்பும் நாளிலேயே அடுத்த இரண்டு இதழ்களின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும். மறுப்பு வந்தால், மதிப்பீட்டாளர் சுட்டிய குறைகளைத் திருத்திய பின்னரே அடுத்த இதழுக்கு அனுப்புக. அங்கும் அதே மதிப்பீட்டாளர் கைக்கே கட்டுரை போய்ச் சேரக்கூடும்.