வழிந்தோடும் இரத்தம்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி கறிக்கடைகளில் ஆட்டு இரத்தமும் விற்கிறார்கள். சோகை பிடித்த பெண்ணுக்கு அதைப் பொரித்துக் கொடுத்தால் இரத்தம் ஊறும் என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, நம் தாய்மார்கள் சிலர் தடுமாறுகிறார்கள். ஈரல் ஆகுமென்றால் இது ஏன் ஆகாது என்றும் கேட்கிறார்கள்.

திருமறை (6:145) விலக்குவது வழிந்தோடும் இரத்தத்தை. உறைந்தாலும் பொரித்தாலும் அது ஹராமே. ஈரலையும் மண்ணீரலையும் நபி (ஸல்) அவர்கள் ஆகுமாக்கினார்கள். அறுத்தபின் இறைச்சியில் தங்கும் சிவப்பு நீர் குற்றமில்லை. கறி வெளுக்கும்வரை அலசுவது வீண் சிரமம்! யூதர்களோ அதையும் உப்பிட்டு எடுப்பர்.

பைபிளிலும் (லேவியராகமம் 17) இத்தடை உண்டு. உயிர் இரத்தத்தில் இருப்பதால் அது பாவநிவர்த்திக்கெனப் பலிபீடத்துக்கு உரியது என்பது அங்கே காரணம். நமக்கோ குர்பானி இரத்தம்கூட இறைவனைச் சென்றடைவதில்லை (22:37).

சோகைக்கு, முறைப்படி அறுத்த ஆட்டின் சுவரொட்டியைக் கேட்டு வாங்கச் சொல்கிறோம். மண்ணீரல்தான் அது, இரும்புச்சத்து நிறைந்தது. அது கிடைக்கையில் நிர்ப்பந்தம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.